வெற்றிச்செல்வி செயலிழந்துள்ளது

ஐம்பத்திரண்டு வயதில் நான் ஒரு வீரமான முடிவுக்கு வந்தேன். என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் சொந்த வாயால் ஒரு ஜாங்கிரி தின்பது என்று.

எனக்குச் சர்க்கரை. அடுத்த பரிசோதனையிலும் இப்படியே இருந்தால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஊசி என்றால் எனக்கு உயிர் போகும். ஜாங்கிரியைப் பார்த்தால் போன உயிர் திரும்பி வரும். ஆனால் அந்த ஜாங்கிரிக்கும் எனக்கும் நடுவில் என் மனைவி வெற்றிச்செல்வி நிற்கிறாள்.

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைக் கண்காணிப்பது என் வேலை. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லா மெஷினையும் "இருக்கியா?" என்று கேட்கும். "இருக்கேன்" என்று பதில் வந்தால் திரையில் பச்சைப் புள்ளி. வராவிட்டால் சிவப்புப் புள்ளி, கூடவே செல்லுக்கு ஒரு செய்தி. வீட்டில் வெற்றிச்செல்வி "என்னங்க" என்று என்னைக் கூப்பிடுவதும் இதே முறைதான். மூன்று தடவை பதில் வராவிட்டால் நேரிலேயே வந்துவிடுவாள்.

குரும்பலூரில் எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரிலும் அதே மென்பொருளைப் போட்டு வைத்திருந்தேன். கரண்ட் போனால், வந்தால் சொல்லும். அதில்தான் ஒரு நாள் எனக்கு ஞானம் பிறந்தது. வெற்றிச்செல்வியின் செல்லையும் ஒரு மெஷினாகச் சேர்த்துவிட்டால் என்ன?

சேர்த்தேன். வைஃபை பெட்டியை மாடிக்கு மாற்றினேன். இப்போது அது சந்து முனை வரைக்கும் எட்டும். அவள் மகளிர் குழுக் கூட்டத்துக்குக் கிளம்பி முனை தாண்டினால் சிவப்பு. திரும்பி முனைக்கு வந்தால் பச்சை. முனையிலிருந்து வாசலுக்கு அவள் நடந்து வருவதற்குள் ஜாங்கிரியை விழுங்கி, வாய் கொப்பளித்து, அப்பாவி முகத்தையும் மாட்டிக்கொள்ளலாம். குழுவில் எப்போது கூட்டம் முடியும் என்பது குழுவுக்கே தெரியாது. எனக்குத் தெரியும்!

சில வாரங்கள் சொர்க்கத்தில் இருந்தேன். இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பின்னால் ஜாங்கிரி டப்பா, கையில் ஜாங்கிரி, திரையில் சிவப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை மதியமும் சிவப்புதான். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

"எத்தனாவது அது?"

கொல்லைக் கதவில் வெற்றிச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். நான் திரையைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். மறுபடி திரையைப் பார்த்தேன்.

"நீ... நீ இன்னும் வரலியே செல்வி!"

"வந்துட்டுத்தாங்க நிக்கிறேன்."

"செகப்பாக் காட்டுதே!"

"செல்லுல வைஃபைய அணைச்சுட்டு வந்தா செகப்பாத்தான் காட்டும். பச்சையாவா காட்டும்?"

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான்." செல்லை நீட்டினாள். "முனையத் தாண்டினாப் போதும். 'வெற்றிச்செல்வி செயலிழந்துள்ளது, உடனே கவனிக்கவும்'னு எனக்கே வருது. மொத நாளு ஆடிப் போயிட்டேன். குழுவுல லீலாவதி அக்கா நாடி புடிச்சுப் பாத்துச்சு."

தலையில் கை வைத்துக்கொண்டேன். கரண்ட் வந்ததும் மோட்டார் போட வேண்டும், எனக்கும் மெசேஜ் வர்ற மாதிரி பண்ணுங்க என்று கோடையில் அவள் கேட்டிருந்தாள். அப்போது அவள் நம்பரையும் செய்தி போகிற குரூப்பில் சேர்த்திருந்தேன். அதை எடுக்க மறந்துவிட்டேன். திருடப் போகிறவன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனது போல, அவளை நான் கண்காணிக்கும் சங்கதியை அவளுக்கே தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்பவே கேக்க வேண்டியதுதானே செல்வி?"

"டப்பாவ அன்னைக்கே பாத்துட்டேன். நீங்களா நிறுத்துவீங்கன்னு இருந்தேன்." டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "எங்கப்பாரும் இப்புடித்தான் ஒளிச்சு வச்சுத் தின்னாரு. கடைசில கால எடுக்க வேண்டியதாப் போச்சு. உங்களுக்கும் அப்புடி ஆச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

தின்ற ஜாங்கிரி வாயில் கசந்தது. இனிமேல் தொடவே மாட்டேன் என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

"உங்க மேல நம்பிக்கை இருக்குங்க. உங்க வாய் மேலதான் இல்ல. கையில ஒட்டுற வில்லை ஒண்ணு இருக்காம். சர்க்கரை ஏறினா, எறங்கினா செல்லுல காட்டுமாம். டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன்."

"ஊசி வேணாமா?"

"கொறைஞ்சா வேணாமாம்."

சரி என்றேன். மறுநாளே அரியலூர் போய் ஒட்டிக்கொண்டு வந்தோம். அந்த வில்லையின் கணக்கை மென்பொருளோடு இணைத்ததும் நான்தான். என்னைவிட்டால் இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியும்? எந்த அளவைத் தாண்டினால் சிவப்பு என்பதை மட்டும் அவளே போட்டாள். "செய்தி போற குரூப்பு எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள். அதையும் காட்டிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை கல்லூரியில் ஒரு சாருக்குப் பேரன் பிறந்தான் என்று ஆளுக்கு ஒரு பொட்டலம் லட்டு. வேண்டாம் என்றால் குழந்தைக்கு ஆகாது. சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே மனித நடமாட்டமே கிடையாது. திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். கல்லூரியே ஆரோக்கியமாக இருந்தது. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் செல் சிணுங்கியது. என் பெயரில்தான் செய்தி. 'கலைச்செல்வன்: எச்சரிக்கை. உடனே கவனிக்கவும்.' படித்து முடிப்பதற்குள் செந்துறையிலிருந்து மச்சினன் ராசாங்கம் கூப்பிட்டான்.

"என்ன மாமா, விசேஷமா?"

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"அக்கா என்னையும் குரூப்புல சேத்துருக்கே."

அவன் அழைப்பை வைத்துவிட்டு வெற்றிச்செல்வியின் செல்லுக்குப் போட்டேன். லீலாவதி அக்கா எடுத்தார்.

"வெற்றி குழுவுல பேசிக்கிட்டு இருக்கு தம்பி. நாங்க பன்னண்டு பேரும் இப்ப செல்லுல உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். என்ன தின்னீங்க?"

இனி மறைத்துப் பயனில்லை. "லட்டுக்கா. ஒண்ணே ஒண்ணு."

அந்தப் பக்கம் யாரோ கணக்குப் பார்த்தார்கள்.

"ரெண்டு மாதிரியில்ல காட்டுது தம்பி!"