'நிமிர்ந்து நிற்பவர்' விருது

ஊழியர்களை ஊக்குவிக்கும் கலை இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் கைவந்திருக்கிறது. ஒருவர், வவுனியா விடுதியொன்றில் எனக்கு மூன்று நாள் பயிற்சி தந்த ஜனார்த்தனன். மற்றவர் யாரென்று நானே சொன்னால் தற்பெருமையாகிவிடும்.

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு தையல் தொழிற்சாலைக்கு நான் முகாமையாளர். பயிற்சி மண்டபத்தின் மெத்தைக் கதிரையை விட்டு மனமில்லாமல் எழும்பி வந்த மறுநாளே, விமலேஸ்வரி என் அறை வாசலில் நின்றார். தைத்த சட்டைகளை மேசையில் விரித்துப் பிழை பார்க்கும் பகுதியில் அவருக்கு வேலை. அந்தப் பகுதியில் கதிரை கிடையாது. அமர்ந்திருந்தால் கண் சோர்ந்துவிடும் என்பது நிறுவனத்தின் 'விஞ்ஞானபூர்வமான' முடிவு.

"சேர், ஒன்பது மணித்தியாலம் நிக்க ஏலாமக் கிடக்கு. சண்டை நேரம் பட்ட ஷெல் துண்டு இன்னும் முழங்காலுக்கை இருக்கு. கதிரை ஒண்டு தாங்கோ. இல்லாட்டி வேலையை விடவேண்டியதுதான். வீட்டில உழைக்கிறது நான் ஒருத்தி."

'செவிமடுத்தல்' முதல்நாள் பாடம். கண்ணுக்குள் பார்த்தேன். தலையை மூன்று தரம் ஆட்டினேன்.

"விமலேஸ்வரி, உங்கட வலியை நான் உணருறன்."

"நீங்கள் ஏன் சேர் அதை உணருவான்? கதிரையைத் தாங்கோ, காணும்."

"கதிரை வெறும் பொருள். உங்களுக்கு உண்மையில தேவை அங்கீகாரம்."

"அதில குந்தி இருக்கலாமோ சேர்?"

ஐயோ, பாராட்டுக்கு எவ்வளவு ஏங்கியிருந்தால் ஒரு மனுசி இப்படிக் கேட்பார்! நான் உருகிப்போனேன். உடனே குழுவைக் கூட்டினேன். ஆளுக்கொரு கதிரையில் அமர்ந்து, கட்லட்டும் தேத்தண்ணியுமாக மூன்று மணித்தியாலம் ஆராய்ந்தோம்.

"சேர், களஞ்சியத்தில பழைய கதிரை ஒண்டு கிடக்கு. அதைக் குடுத்தா விசயம் முடிஞ்சுது" என்றார் மேற்பார்வையாளர் கோகுலன்.

அவருக்கு 'மனப்பாங்கு மாற்றம்' அவசரமாகத் தேவை என்று அறிக்கையில் எழுதிக்கொண்டேன். பிறகு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: விமலேஸ்வரிக்கு 'நிமிர்ந்து நிற்பவர்' விருது.

வெள்ளிக்கிழமை விழா. தலைமையகத்திலிருந்து பணிப்பாளர் தில்லைநாதன் ஐயா வந்திருந்தார். அவருக்கும் மற்ற விருந்தினருக்குமாகப் பன்னிரண்டு கதிரைகளை வாடகைக்கு எடுத்து முன்வரிசையில் போட்டிருந்தோம். ஊழியர்கள் பழக்கப்பட்ட முறைப்படி பின்னால் நின்றார்கள்.

ஐயா பளபளக்கும் கேடயமொன்றை விமலேஸ்வரியிடம் கொடுத்தார். நான் ஒலிவாங்கியைப் பிடித்து, "எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டுங்கோ!" என்று முழங்கினேன். விருந்தினர் அனைவரும் எழும்பித் தட்டினார்கள். என்ன கண்கொள்ளாக் காட்சி!

விமலேஸ்வரி முன்வரிசையைப் பார்த்தார். பன்னிரண்டு கதிரையும் வெறுமையாகக் கிடந்தன. கெந்திக் கெந்தி நேரே போய் ஐயாவின் கதிரையில் இருந்தார். காலை நீட்டினார்.

"அப்பாடா!"

அவரோடு பிழை பார்க்கும் மற்றப் பெண்கள் பதினொரு பேர். ஒருவர் பின் ஒருவராக வந்து மிச்சக் கதிரைகளில் இருந்தார்கள். ஒருத்தி செருப்பையும் கழற்றிவிட்டாள்.

கைதட்டலை நிறுத்தினால் நாங்கள் எங்கே போய் இருப்பது? ஆகவே தொடர்ந்து தட்டினோம். ஐந்தாவது நிமிடம் ஐயா என் காதுக்குள் குனிந்தார்.

"தம்பி, எனக்குக் கால் நோகுது. கதிரை ஒண்டு கொண்டரச் சொல்லுங்கோ."

நான் அவர் கண்ணுக்குள் பார்க்கவில்லை. தலையாட்டவில்லை. குழுவையும் கூட்டவில்லை. கோகுலனைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினேன். அரை நிமிடத்தில் என் அறைச் சுழல்கதிரை உருண்டு வந்தது.

ஐயா அதில் இருக்கப்போன நேரம், விமலேஸ்வரி இருந்த இடத்திலிருந்தே கேடயத்தை அவரிடம் நீட்டினார்.

"இந்தாங்கோ ஐயா. இஞ்ச கால் நோவுக்கு இதைத்தான் தாறவை."