ஒமேகா சாருக்குப் பின்னால் ஓர் இடம்

வரிசையின் கடைசியில் நிற்பதற்கென்றே பிறந்த மனிதர் ஒருவர் புதுக்கோட்டை மாவட்டத்தில் உண்டென்றால், அது கிரேக்கத்தின் கடைசி எழுத்தையே பட்டப்பெயராக வாங்கிய எங்கள் ஒமேகா சார்தான். பஸ்ஸோ, ரேஷன் கடையோ, கல்லூரி கேன்டீனோ, எல்லாருக்கும் பின்னால் போய் நிற்பார். அவருக்கும் பின்னால் யாராவது வந்தால், "நீங்க முன்னாடி போங்க" என்று வழிவிட்டு மறுபடி கடைசி ஆளாகிவிடுவார்.

ஆனாலும் மனிதருக்கு யோகம். பெல் அடித்ததும் ஓடிப்போய் முதலில் நிற்கும் என் தலையில் கேன்டீன் மாஸ்டர் காலையில் சுட்டு ஆறிப்போன வடையைக் கட்டுவார். ஒமேகா வந்து சேரும் நேரத்துக்குத்தான் சூடாகப் பூரி இறங்கும். வயிறு எரியுமா, எரியாதா? நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் இருவரும் கணித வாத்தியார்கள். எம்.எஸ்சி. வகுப்புக்குக் கணங்களின் கோட்பாடு நடத்துவது பல வருடமாக என் ஏகபோகம். இவர் வந்த மறு வருடமே துறைத் தலைவர், யார் நடத்தலாம் என்று மாணவர்களிடம் கேட்டுத் தொலைத்தார். வகுப்பே "ஒமேகா சார்" என்றது. என் பெயரைச் சொல்ல ஒரு நாதி இல்லை.

அவர் எங்காவது தப்பு விடுவார் என்ற நல்லெண்ணத்தோடு வராண்டாவில் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுல முடிவே இல்லாத ஒரு கியூ நிக்குதுன்னு வச்சுக்கங்க. புதுசா ஒருத்தர் முன்னாடி புகுந்துட்டாரு. எல்லாரும் ஒரு எடம் பின்னாடி நகந்தா, பழைய கியூ மாதிரியேதான் இருக்கும். அவரு எல்லாருக்கும் பின்னாடி போய் நின்னா? அது வேற கியூ. அவரு நிக்கிற எடந்தான் ஒமேகா. ஆனா தலையை எண்ணுனா ரெண்டு கியூவுலயும் ஒரே எண்ணிக்கை! எத்தனை பேருங்கிறது வேற, எத்தனையாவது ஆளுங்கிறது வேற. முடிவுள்ள கூட்டத்துலதான் ரெண்டும் ஒட்டிக்கிட்டே திரியும்."

பொறுக்க முடியாமல் ஜன்னல் வழியாகக் கேட்டேன்: "அந்தக் கடைசி ஆளுக்குப் பின்னாடி?"

"அங்கயும் ஒரு எடம் இருக்குங்க சார். ஏன் வெளிய நிக்கிறீங்க, உள்ள வாங்க!"

வகுப்பே சிரித்தது. தப்பும் கிடைக்கவில்லை, மானமும் போயிற்று.

பிறகு பாத்திமாவின் கல்யாணம் வந்தது. அவள் என்னிடம் ப்ராஜெக்ட் செய்த பெண். அங்கேயாவது நான்தான் முதல் என்று காட்டிவிட, கோட்டைப்பட்டினத்துக்கு விடிந்ததும் பஸ் ஏறி, பந்திக்கு முதல் ஆளாக நுழைந்தேன். நுழைந்தால், அங்கே இலையும் இல்லை, வரிசையும் இல்லை. சஹன் சாப்பாடு. ஒரு பெரிய வட்டத் தட்டில் பிரியாணி. சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து அதிலேயே சாப்பிட வேண்டும்.

"நாலு பேரா உக்காருங்க சார்," என்றார் பாத்திமாவின் வாப்பா.

நான் ஒற்றை ஆள். வந்தவர்களெல்லாம் உறவு, நட்பு என்று நான்கு நான்காக அமர்ந்துவிட்டார்கள். முதலில் வந்தவன் தூணோடு தூணாக நின்றேன். அப்போதுதான், வழக்கம்போல் கடைசியாக, கேன்டீன் மாஸ்டரையும் ஆபீஸ் கிளார்க்கையும் கூட்டிக்கொண்டு ஒமேகா வந்தார்.

"சார், இங்கிட்டு வாங்க! எங்களுக்கு ஒரு ஆளு கொறையுது."

"பாவம்னு கூப்பிடுறீங்களா?"

"கணக்குங்க சார். நீங்க வராட்டி எங்களுக்கும் சோறு இல்ல."

உட்கார்ந்தேன். வாய் சும்மா இருக்குமா? "இதுல யாரு மொதல்ல, யாரு கடைசி?"

"வட்டத் தட்டுங்க. எத்தனை பேருன்னுதான் கேக்கும், எத்தனையாவது ஆளுன்னு கேக்காது," என்றவர், இருந்ததிலேயே நல்ல கறித்துண்டை என் பக்கம் தள்ளினார். அதையும் அவரே முந்திக்கொண்டு செய்துவிட்டாரே என்று அப்போதும் எனக்குப் பொறாமைதான்.

இப்போதெல்லாம் கேன்டீனில் நான் ஓடுவதில்லை. ஒமேகாவுக்குப் பின்னால் போய் நிற்கிறேன். "நீங்க முன்னாடி போங்க சார்," என்கிறார். நான் அசைவதில்லை. சூடான பூரிக்காக நிற்கிறேன் என்று மாஸ்டர் நினைக்கிறார், நினைத்துவிட்டுப் போகட்டும். அந்த இடத்தில் வேறு எவனாவது வந்து நின்றால் என்னால் தாங்க முடியாது.