பரவாயில்லை என்று சொன்னவனுக்குக் கல்யாணம் கிடையாது

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய ஆசிரியர் தம்பிக்கு,

உங்கள் பத்திரிகையில் தொடர்கதை எழுதும் அம்மா எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சௌக்கியம். அங்கு நீங்களும், உங்கள் வீட்டம்மாவும், பிள்ளைகளும், இடமில்லை என்று சொல்லி நான் எழுதும் மழை வருணனையை எல்லாம் வெட்டித் தள்ளும் உங்கள் உதவி ஆசிரியரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அந்த உதவி ஆசிரியர் கொஞ்சம் குறைவாகச் சௌக்கியமாக இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

நேற்று அவர்தான் போன் பண்ணினார். "பாட்டிம்மா, கடைசி அத்தியாயத்துல ரெண்டு பேருக்கும் கல்யாணத்தப் பண்ணி வச்சிடுங்க. வாசகர் கடிதம் மூட்டை மூட்டையா வருது" என்றார். "யாருக்குக் கல்யாணம்?" என்றேன். "உங்க தையற்காரிக்கும் அந்தப் பாலம் கட்டற இன்ஜினீயருக்கும்தான்." "அவன் அவள மொதமொதல்ல பாத்துட்டு என்ன சொன்னான்னு ஞாபகம் இருக்கா?" "அது மொத அத்தியாயம் பாட்டிம்மா. யாருக்கு ஞாபகம் இருக்கும்?" "எனக்கு இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவரிடம் சொல்லிப் பயனில்லை என்பதால் உங்களுக்கே விளக்கமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

எனக்குக் கல்யாணம் பேச வந்த அன்று வீடு நிறையப் பெரியவர்கள். நான் உள் அறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். எங்கள் வீட்டுக்காரருடைய மாமா, அரிசி மூட்டைக்கு விலை கேட்கிற குரலில், "என்னப்பா, பொண்ணு எப்படி?" என்று கேட்டார். இவர் சொன்னார், "பரவால்ல." அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை கிடையாது. கூடியிருந்தவர்கள் சந்தோஷமாகக் கை குலுக்கிக்கொண்டார்கள், கல்யாணமும் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள், அந்தப் "பரவால்ல" மட்டும் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி இன்றுவரை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் நாவல் எழுத உட்கார்ந்ததே அதனால்தான் தம்பி. என் கதைகளில் வரும் ஆண்பிள்ளைகள் கதாநாயகியைப் பார்த்த மாத்திரத்தில் வாய் நிறையப் பேசுவார்கள், கவனித்திருப்பீர்கள். கப்பல் மாலுமி பேசினான், கண் டாக்டர் பேசினான், ஊமையாக வந்த சிற்பிகூடச் சுவரில் எழுதிக் காட்டினான். இந்தத் தொடரில்தான் முதல்முறையாக, துணிந்து, உள்ளது உள்ளபடி ஒருவனைப் "பரவால்ல" சொல்ல வைத்தேன். எதற்கு? கடைசியில் அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதற்கு! அதை நினைத்துக்கொண்டுதான் அத்தியாயம் அத்தியாயமாக அவனை நடக்க விட்டேன். இப்போது வந்து கதவைத் திற என்றால் எப்படி?

என் வேலையை எனக்குச் சொல்லித்தர வேண்டாம். பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் படிக்கவில்லைதான், ஆனால் யார் யார் என்னை என்ன சொன்னார்கள் என்பது அப்படியே இருக்கிறது. அதுதான் என் கைமுதல். சோக அத்தியாயத்தை வெங்காயம் உரிக்கும்போது யோசிப்பேன், கண்ணீர் தனியாக வரவழைக்க வேண்டியதில்லை. சண்டைக் காட்சி போர்வை துவைக்கும்போது வரும். காதல் மட்டும் காய்ந்த துணியை மடிக்கும்போதுதான் வரும், ஏன் என்று எனக்கே தெரியாது. வில்லனுக்கு நான் அலைவதே இல்லை. எங்கள் தலைக்கு மேல் குளியலறைத் தண்ணீரை ஒழுகவிடும் மாடி வீட்டுக்காரரை இதுவரை நாவலுக்கு நாவல் சாகடித்துவிட்டேன், தண்ணீர்தான் நிற்கவில்லை. என் எழுத்தில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் வீட்டுக்காரர் பிழை திருத்தி, நல்ல பிரதி எடுத்துத் தபாலில் போடுவார். கதையைப் பற்றி இதுநாள்வரை ஒரு வார்த்தை? மூச்! "தபால்ல போட்டாச்சு" என்பார், அதுதான் விமர்சனம்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். அச்செழுத்து பொடியாக இருப்பதால் பத்திரிகை வந்ததும் மருமகள்தான் எனக்கு வாசித்துக் காட்டுவாள். போன வாரம் வாசித்துக்கொண்டே வந்தவள் மூக்கை உறிஞ்சினாள். "என்னடி?" என்றேன். "அத்தே, இந்த எடம் பிரமாதம்" என்று திரும்ப வாசித்தாள். இன்ஜினீயர் தையற்காரியிடம் சொல்கிறானாம்: "அன்னிக்குக் கதவுக்குக் கீழ உன் கால் தெரிஞ்சது. கட்ட விரல்ல துணி சுத்தியிருந்தது. வலிக்குதான்னு கேக்கணும்னு நெனச்சேன். அதுக்குள்ள மாமா ஏதோ கேட்டாரு. நான் உன் கால நெனச்சுக்கிட்டே என்னமோ சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் அத எப்படி மாத்தறதுன்னு எனக்குத் தெரியல."

தம்பி, இதில் ஓர் எழுத்துக்கூட என்னுடையது இல்லை! என் தையற்காரிக்குக் காலில் காயமே கிடையாது. முந்தின பக்கத்தில்தான் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடுகிறாள், அடிபட்ட கால் அப்படி ஓடுமா? காயம்பட்டது எனக்கு. கல்யாணம் பேச வந்த அன்று காலையில் கால் கட்டைவிரலில் ஆணி ஏறிவிட்டது, வெளியே சொன்னால் அபசகுனம் என்பார்கள் என்று அம்மா கிழிந்த துணியைச் சுற்றி, புடவையை இறக்கிக் கட்டிவிட்டாள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்படியானால் உங்கள் ஆபீசுக்கு இதை யார் சொன்னது? என் சித்தி மகள் அன்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு நான் என்றால் அப்போதே ஆகாது. அவள் பேத்தி யாராவது உங்களிடம் வேலை பார்க்கிறாளா என்று விசாரித்துத் தெரிவிக்கவும்.

அந்த நாலு வரியால் என் கதையே கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது. பல் டாக்டரிடம் போனால் அங்கே ஒரு பெண் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்தவளிடம், "பாவம்டி அந்த மனுஷன், கால்ல என்னாச்சுன்னு பாத்துருக்கான் பாரேன்" என்கிறாள். மற்றவள், "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, நான் கால ஒடச்சிக்கிட்டாக்கூட மொதல்ல டீ எங்கன்னுதான் கேக்கும்" என்கிறாள். எனக்குப் பல் வலியே மறந்துபோயிற்று. நான் ஆரம்பத்திலிருந்து பாடுபட்டு ஒருவனைக் கெட்டவனாக்கி வைத்தால் யாரோ வந்து நாலு வரியில் நல்லவனாக்கிவிட்டுப் போவதா?

ஆகவே, அந்த வரிகள் என்னுடையவை அல்ல என்று அடுத்த இதழில் பெரிய எழுத்தில் போட்டு வருத்தம் தெரிவிக்கவும். எழுதியவர் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கடைசி அத்தியாயத்தில் தையற்காரி கதவைச் சாத்துகிறாள், தாழ்ப்பாளும் போடுகிறாள். அதில் ஒரு புள்ளி மாறினாலும் இனி உங்கள் பத்திரிகைக்கு எழுதமாட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான், மாடி வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பத்திரிகை வீடு வீடாகப் போய்ச் சேரட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல படிப்பும் உங்களுக்கு நல்ல தூக்கமும் வாய்க்கட்டும். வீட்டம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் தொடர்கதை அம்மா

பி.கு.: மேலே உள்ளதை வழக்கம்போலப் பிழை திருத்த எங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். கொண்டுவந்து கொடுத்தார். கொம்பு, கால் எல்லாம் திருத்தியிருந்தார். உங்களைக் குற்றம் சொன்ன பத்தியின் ஓரத்தில் சின்ன எழுத்தில், "ஆசிரியர் மேல் தப்பில்லை" என்று எழுதியிருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"நீங்களா?"

"ம்."

"இத்தன வருஷமா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"நீ பேசவிட்டாத்தானே. கதையிலதான் எல்லாரும் பேசி முடிக்கிறவரைக்கும் நீ காத்திருக்கற."

நான் துணியை மடிக்கப் போய்விட்டேன். ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்தேன்.

ஆகையால் வருத்தம் எதுவும் போட வேண்டாம். சித்தி மகளின் பேத்தியையும் தேட வேண்டாம். தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். தையற்காரி கதவருகில்தான் நிற்கிறாள், வெளியே நிற்பவன் இந்த முறை என்ன சொல்ல வேண்டும் என்பதை அவரே எழுதித் தரட்டும் என்று சொல்லிவிட்டேன். காலையிலிருந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறார். காகிதத்தில் இன்னும் ஒன்றும் விழவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. இந்த வாரம் என் அத்தியாயம் வராது. வாசகர்களைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் தம்பி, நான் பொறுக்கவில்லையா?