ஏரிப் பாலமும் ‘அப்பவே’ சாரும்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள், ஏனென்றால் ஆள் வருவதற்கு முன்பே குரல் வந்துவிடும். உலகத்தில் எது நடந்தாலும் அது நடக்கப்போவது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். சோதிடர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சோதிடர் பாவம், நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லித் தொலைத்துவிட்டு, அது நடக்காதபோது தெரு மாறிப் போகிறார். இவர்களுக்கு அந்தச் சங்கடம் கிடையாது. எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் சொல்வார்கள், முன்பே சொன்னதாக.

மழை பெய்தால், “நான் அப்பவே சொன்னேன்ல, குடை எடுத்துட்டுப் போன்னு!” பெய்யாவிட்டால், “நான் அப்பவே சொன்னேன்ல, எதுக்கு வீணா குடையைத் தூக்கறேன்னு!” மாப்பிள்ளை தங்கமானவர் என்றால் அப்பவே சொன்னார்கள். தகரம் என்றால் அதையும் அப்பவே சொன்னார்கள். ஆணும் பெண்ணுமாக இரட்டைக் குழந்தை பிறந்த வீட்டில் ஒருவர் கொஞ்சமும் அசராமல், “அதனாலதானே நான் ரெண்டையும் சொன்னேன்!” என்றதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

அந்த ஒருவர்தான் எங்கள் ஊர் ‘அப்பவே’ சார். முப்பத்தொரு வருஷம் தபால் நிலையத்தில் ஊரார் கடிதங்கள்மேல் முத்திரை குத்தினார். ஓய்வு பெற்ற பிறகு ஊரார் காரியங்கள்மேல் குத்த ஆரம்பித்தார். வீட்டில் வைத்த பெயர் எனக்கே மறந்துவிட்டது. முகத்துக்கு நேரே ‘சார்’. முதுகுக்குப் பின்னால் ‘அப்பவே’ சார். ஆள் கெட்டவர் இல்லை. யாருக்கும் ஒரு துரும்பளவு தீங்கும் நினைத்ததில்லை. நினைக்க நேரம் ஏது? தீங்கு எங்கே வரும் என்று சொல்வதற்கே பொழுது போதவில்லை.

எங்கள் ஊர் ஏரிக்குக் குறுக்கே ஒரு மரப்பாலம் இருந்தது. முன்னூறு வருஷத்துப் பாலம் என்பார்கள். அக்கரைக் குன்றின்மேல் ஒரு புனிதத்தலம். அதற்கு நடந்தே போவதாக வேண்டிக்கொண்ட யாத்திரிகர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பலகைகளில்தான் நடந்தார்கள். ஏழு வருஷத்துக்கு முன் அடித்த புயல் பாலத்தின் நடுப்பகுதியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து இருபது நிமிஷ நடை பதினான்கு கிலோமீட்டர் ஆயிற்று. யாத்திரிகர்கள் ஏரியைச் சுற்றி லாரிப் புழுதியில் நடந்தார்கள். மற்றவர்கள் இரண்டு பஸ் மாறினார்கள்.

ஒரு வழியாக ஒருநாள் நகராட்சி விழித்துக்கொண்டது. அதே இடத்தில், அதே மாதிரி, மரத்திலேயே பாலம் கட்டுவது என்று முடிவாயிற்று. இளவயது என்ஜினியரம்மா ஒருவரும், அதிகம் பேசாத தலைமைத் தச்சர் ஒருவரும், பதினான்கு தச்சர்களும் வந்து இறங்கினார்கள். மறுநாள் காலை ஒன்பதரைக்கு, மடக்கிய குடையோடு, கரையோரத் தேநீர்க் கடை பெஞ்சில் நம் சாரும் வந்து இறங்கினார். சம்பளமில்லாத மேற்பார்வையாளர் இல்லாமல் உலகத்தில் எந்தக் கட்டடமாவது எழுந்திருக்கிறதா?

முதல் வாரம் முக்குளிக்கிற ஆள் ஒருவர் தண்ணீருக்குள் இறங்கிப் பழைய தூண்களைப் பார்த்தார். “முன்னூறு வருஷமா தண்ணியில ஊறின மரம் என்னத்துக்கு ஆகும்? கையில எடுத்தா கூழா வரும், பாருங்க” என்றார் சார். முக்குளித்தவர் ஒரு துண்டை அறுத்துக் கொண்டுவந்தார். தச்சர் அதை உளியால் லேசாகச் சீவினார். உள்ளே வெட்டிய அன்றைக்குப் போல மஞ்சளாக, வயிரம் பாய்ந்து இருந்தது. தண்ணீருக்கு அடியில் காற்றுப் படாமல் கிடக்கிற மரம் கெடாதாம். நனைந்து நனைந்து காய்கிற இடம்தான் உளுத்துப்போகுமாம். என்ஜினியரம்மா பொறுமையாக விளக்கினார். சார் அதைவிடப் பொறுமையாகத் தலையாட்டினார்.

“அதான் நான் அப்பவே சொன்னேன், அந்தக் காலத்து மரம் அந்தக் காலத்து மரம்தான்னு.”

தேநீர்க் கடைக்காரருக்குப் புரையேறியது.

புதுத் தூண்கள் வந்தன. மிதவைமேல் நின்ற இயந்திரம் ஒவ்வொரு தூணின் தலையிலும் தொம் தொம் என்று அடித்து ஏரியின் அடிமண்ணில் இறக்கியது. நாற்பத்திரண்டு தூண்களில் நாற்பத்தொன்று நேராக இறங்கின. அவற்றைப் பற்றி சார் பேசியதே இல்லை. ஒன்றே ஒன்று, அடியில் பாறை இடறி, கொஞ்சம் சாய்ந்தது. அன்றைக்கு சார் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவர் மகள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. மத்தியானத்துக்குள் தச்சர் அதைப் பிடுங்கி, ஒரு முழம் தள்ளி நேராக இறக்கிவிட்டார். அது யாருக்குத் தெரியும்? சாய்ந்த செய்தி அதற்குள் நாலு தெரு தாண்டியிருந்தது. பாலமே சாய்ந்துவிட்டதாக எங்கள் சலவைக்காரர் என்னிடமே வந்து சொன்னார்.

வேலை முடிந்ததும் என்ஜினியரம்மா முன்னூறு ஆள் எடைக்கு மணல் மூட்டைகளை நடுப்பாலத்தில் அடுக்கி மூன்று நாள் வைத்தார். பாலம் அசையவில்லை. “மூட்டை நடக்குமா?” என்று கேட்டார் சார். “ஆள் நடக்கும். நடந்தாதான் ஆடும். ஆடினாதான் விழும்.” கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! பாதி உண்மை எப்போதும் அப்படித்தான். முழு உண்மை கிளம்புவதற்குள் அது ஊரைச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும்.

திறப்பு விழாவில் நகராட்சித் தலைவர் ரிப்பனை வெட்டி, பத்தடி நடந்து, படம் எடுத்துக்கொண்டு, வேறொரு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதால் திரும்பிவிட்டார்.

“பத்தடிதான்!” என்றார் சார். “கவனிச்சீங்களா? பதினோராவது அடி வைக்கலை.”

அவ்வளவுதான். ஊர் பாலத்தில் கால் வைக்கவில்லை. ஒருநாள், இரண்டு நாள், பத்து நாள். தச்சர்கள் மட்டும் போய் வந்தார்கள். “அவங்க போவாங்க, அவங்க கட்டினது” என்றது ஊர். வரும் யாத்திரிகர்கள் தேநீர்க் கடையில் வழி கேட்பார்கள், கடைக்காரர் பெஞ்சைக் காட்டுவார், பெஞ்சு பேசும், அவர்கள் பெருமூச்சு விட்டுப் புழுதிச் சாலையைப் பார்த்துத் திரும்புவார்கள். ஒரு மாதம் பார்ப்போம், ஆள் நடமாட்டம் இல்லையென்றால் இரண்டு முனையிலும் கேட் போட்டுவிட்டுத் தூர நின்று பார்க்கும் பழம்பொருளாக வைத்துவிடுவோம் என்று நகராட்சி சொல்லிவிட்டது. அதைக் கேட்ட தலைமைத் தச்சர் கைப்பிடிக் கட்டையைத் தேய்க்கப் போய்விட்டார். ஏற்கெனவே வழுவழுப்பாக இருந்த கட்டை அது.

இத்தனையையும் சாரின் மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் தையல் தைப்பவர். ஊரில் பாதிப் பேரின் அளவு அவருக்குத் தெரியும். கணவரின் அளவும் தெரியும். அவருடைய ஒரே அக்கா அக்கரையில் தனியாக இருந்தார். தையல் இயந்திரத்துக்கு நேரே இருந்த ஜன்னலில், ஏரிக்கு அப்பால், அக்கா வீட்டு மொட்டை மாடி தெரியும். கொடியில் துணி காய்வது தெரியும். சிவப்பு, பச்சை என்று நிறம்கூடத் தெரியும். ஆனால் முழங்கால் வலியோடு இரண்டு பஸ் ஏறி இறங்க முடியாது. ஏழு வருஷத்தில் நாலே தடவைதான் போயிருக்கிறார்.

“என்னங்க, பாலத்துல இப்ப போலாமா?” என்று தினமும் கேட்பார்.

“அவசரப்படாதே. அது விழறதுக்கு நாள் பாத்துக்கிட்டு நிக்குது” என்பார் சார்.

திறப்பு விழாவுக்குப் பிறகு பதினோராம் நாள். அதற்கு முந்தின மூன்று நாளாக அக்கா வீட்டுக் கொடியில் துணி இல்லை. போன் செய்தால், “ஒண்ணுமில்லடி, லேசா காய்ச்சல்” என்று ஒரு குரல். அது அக்காவின் குரல் மாதிரியே இல்லை.

அன்று காலை இருபத்தாறு யாத்திரிகர்கள் பாலத்து வாசலில் நின்றார்கள். செருப்பில்லாத கால்கள், தோளில் மூட்டைகள். சார் நடுவில் நின்று, குடையைக் கோல் போல நீட்டி, பதினேழாவது தூணுக்கும் பதினெட்டாவது தூணுக்கும் இடையில் என்ன நடக்கப்போகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். என்ஜினியரம்மா எதிரே நின்று கணக்குச் சொல்லிப் பார்த்தார். யார் கேட்கிறார்கள்? கணக்கில் பயம் இல்லையே, சாரின் பேச்சில் இருந்ததே.

அப்போது சாரின் மனைவி ஒரு துணிப்பையோடு, காலைச் சாய்த்துச் சாய்த்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“எங்க கிளம்பிட்டே?”

“அக்கா வீட்டுக்கு.”

“பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்.”

“தெரியுங்க” என்றவர் பாலத்தில் கால் வைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. டக், டக் என்று பலகையில் அவர் நடை கேட்டது.

யாத்திரிகர்களின் தலைவர் போலிருந்த ஒரு பெரியவர் சாரிடம் கேட்டார். “அந்தம்மா யாருங்க?”

“என் வீட்டுக்காரம்மா.”

“பாலம் விழப்போகுதுன்னு அவங்ககிட்ட நீங்க சொல்லலையா?”

சாருக்கு வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. இதை நான் பார்த்தேன் என்று சொன்னால் ஊரில் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள். அந்தம்மா பத்தாவது தூணைத் தாண்டிக்கொண்டிருந்தார். பாலம் நின்றால் சாரின் ஒன்றரை வருஷப் பேச்சு விழும். பேச்சு நின்றால் அந்தம்மா விழுவார். வாழ்நாளில் முதல் தடவையாக, தான் சொன்னது பொய்யாகப் போகவேண்டுமே என்று அந்த மனிதர் வேண்டிக்கொண்டதை அவர் முகத்திலேயே படிக்க முடிந்தது.

ஓடினார். அறுபத்து நாலு வயதில், ஒரு செருப்பு கழன்று ஏரியில் விழ, குடையைக் கைவிட்டு, பலகை அதிர ஓடினார். சரியாகப் பதினேழாவது தூணருகே மனைவியை எட்டிப் பிடித்தார். மரம் லேசாக வளைந்து கொடுத்தது, மரம் வளைந்து கொடுக்கத்தான் செய்யும். சார் இரண்டு கையாலும் கைப்பிடியைக் கட்டிக்கொண்டார்.

“நீங்க எதுக்கு வந்தீங்க? விழும்னு சொன்னீங்களே?” என்றார் அந்தம்மா.

“அதான் வந்தேன்.”

அந்தம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார். நடுப்பாலத்தில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த தலைமைத் தச்சர் எழுந்து நின்றார். சார் அவரைப் பார்த்துக் கேட்டார்:

“மேஸ்திரி, தாங்குமா?”

எனக்குத் தெரிந்து அவர் யாரிடமும் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஒன்றரை வருஷமாகப் பெஞ்சுக்குச் சொல்ல எத்தனை பதிலைத் தச்சர் பல்லுக்குள் வைத்திருந்தாரோ! கைப்பிடியைக் கட்டிக்கொண்டிருந்த அந்தக் கைகளைப் பார்த்தார். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டார்.

“தாங்கும் சார். கையை விட்டுட்டு நடங்க. அம்மாவைப் பிடிச்சுக்குங்க.”

கரையில் நின்ற பெரியவர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். “விழும்னு சொன்னவரே ஓடறாரு, நமக்கென்ன?” இருபத்தாறு பேரும் ஏறினார்கள். வெறுங்கால்கள் பட்டுப் பாலம் முழுவதும் மத்தளம்போல மெல்ல முழங்கிற்று. அவர்கள் பின்னால் சலவைக்காரர் ஏறினார். தேநீர்க் கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஏறினார். நானும் ஏறினேன், அதற்கு முந்தின பத்து நாளும் நான் ஏன் ஏறவில்லை என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

அக்காவுக்கு நிஜமாகவே நல்ல காய்ச்சல். தங்கை வெந்நீர் வைத்து, மருந்து கொடுத்து, தலைமாட்டில் உட்கார்ந்தார். சார் ஒற்றைச் செருப்போடு மருந்துக்கடைக்கு இரண்டு தடவை நடந்தார். நாலாம் நாள் கொடியில் பச்சைச் சேலை ஒன்று காய்ந்தது. மாதம் முடிந்து நகராட்சி ஆள் கேட் வைக்க அளவெடுக்க வந்தபோது, பாலத்தில் அவருக்கு நிற்க இடமில்லை.

சார் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? பாலத்தில் ஓடிய மறுநாள் சாயங்காலமே பெஞ்சில் வந்து உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நான் அப்பவே சொன்னேன்ல, மூட்டையைவிட ஆளைத்தான் நல்லாத் தாங்கும்னு!” என்றார். நாங்கள் தேநீரைக் குடித்தோம். அவர் மனைவி மட்டும், போகிற போக்கில், “அந்த இன்னொரு செருப்பையும் ஏரியில போட்டுடுங்க, ஜோடி சேரட்டும்” என்று சொல்லிவிட்டுப் பாலத்தில் ஏறிப் போனார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். பெரியப்பாவோ, மாமனாரோ, ஆபீசில் பக்கத்து மேசைக்காரரோ. அவரிடம் இதைப் படிக்கக் கொடுத்து, அவருக்கு யார் முகம் ஞாபகம் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். அதற்குத் துணிச்சல் இல்லையென்றால் போகட்டும், எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். அந்தம்மா பையோடு பாலத்தில் கால் வைத்தபோது, சார் பின்னாலேயே ஓடுவார் என்று உங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டதுதானே?