நன்றாக ஓடுவதைத் திறந்து பார்ப்பவர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. மூடியிருப்பதைக் கண்டால் அவர்களுக்குக் கை அரிக்கும். ரங்கூனில் டம்பாவ் என்று சொல்கிற பிரியாணியைத் தம்மில் போட்டு, மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, மேலே கங்கும் அள்ளிப் போட்டு, "யாரும் தொடாதீங்க" என்று சமையல்காரப் பண்டாரி சொல்லிவிட்டுப் புகையிலை போடத் திரும்பிய நிமிடத்தில், கரண்டிக் காம்பால் மாவை நெம்பிவிட்டு, "சும்மா, ஆவி கட்டியிருக்கான்னு பார்த்தேன்" என்பார்களே, அவர்கள்தான். புண்ணுக்குக் கட்டுப் போட்டு அனுப்பினால் சாயங்காலத்துக்குள் பிரித்துவிடுவார்கள். ஆறிவிட்டதா என்று பார்க்கத்தான். ஆறியிருக்காது. பிரித்தால் எப்படி ஆறும்?

இந்த வகையின் முழு வளர்ச்சியைப் பார்க்க விரும்புகிறவர்கள் பர்கத்துல்லா சயாவைப் பார்க்க வேண்டும். பர்மாவில் வாத்தியாரும் சயா, டாக்டரும் சயா, பஸ் ஓட்டுகிறவரும் சயா. இவர் பௌதிக வாத்தியார். பட்டாளத்து ஆட்சி கல்லூரிகளை வருடக்கணக்கில் பூட்டி வைத்துவிட்டு மறுபடி திறந்தார்களே, அதற்குப் பிந்திய காலம். கல்லூரியின் பின்கட்டு அறை ஒன்றும், அதிலிருந்த இயந்திரமும் அவர் பொறுப்பு.

அணுக்கருக்களை ஒட்டவைத்துப் பார்க்கும் ஆராய்ச்சி இயந்திரம். சூரியன் வயிற்றில் நடப்பதைச் சட்டிக்குள் நடத்துவது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், சமையல் மாதிரிதான். உலோகச் சட்டியில் இருக்கும் காற்றையெல்லாம் பம்பு வைத்து உறிஞ்ச வேண்டும். கனமான ஹைட்ரஜன் வாயுவைக் கொஞ்சம் உள்ளே விட வேண்டும். பெட்டிகளில் சேர்த்துவைத்த மின்சாரத்தை ஒரே அறையாக அதற்குள் இறக்க வேண்டும். டமார்! அணுக்கருக்கள் சில ஒட்டிக்கொண்டு நியூட்ரான்களைத் துப்பும். எவ்வளவு துப்பியது என்று ஒரு கருவி எண்ணிச் சொல்லும். இதனால் ஒரு பல்பும் எரியாது. ஊருக்கு வருகிற அரைவயிற்று மின்சாரத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஒரு தொகுதி வெடி முடிந்தால் சட்டிக்குள் கரி படியும். திறந்து துடைத்து, வெடித்த கண்ணாடிக் குழாயை மாற்றி, ரப்பர் வளையத்தைப் பார்த்து மூட வேண்டும். அதுதான் மராமத்து. மூடியதும் உடனே ஒழுங்காகச் சுட்டுவிடாது. வயிற்று ஆப்பரேஷன் ஆனவனுக்கு முதலில் கஞ்சித் தண்ணீர் கொடுப்பதுபோல, கணக்கில் சேராத வெடிகளைக் கொடுத்துக் கொடுத்துப் பழக்க வேண்டும். பழகியபின்தான் நியூட்ரான் வரும். ஆகவே தேவையில்லாமல் திறக்கக் கூடாது. இது சயாவே மாணவர்களுக்கு நடத்துகிற பாடம்.

மற்ற ஊர்களில் இரண்டு சோதனைகளுக்கு நடுவே மராமத்து வரும். சயாவுக்கு இரண்டு மராமத்துகளுக்கு நடுவே சோதனை என்று ஓர் இடைஞ்சல் வரும். அதையும் அவர் பொறுத்துக்கொண்டார். இயந்திரத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார். நகர்த்த வசதியாகச் சக்கரம் பூட்டினார். அதை நகர்த்த வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை. சைக்கார் என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவின் மணி ஒன்றைப் பொருத்தி, வெடிக்கு முன்னால் அடித்தார். கழற்றி மாட்டியபின் மிஞ்சும் ஸ்க்ரூக்களை ஒரு பால் டின்னில் போட்டு வைத்திருந்தார். கேட்டால், "கம்பெனிக்காரன் வேணும்னே கூடுதலா போட்டது" என்பார். டின் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

மாணவி உம்மு சல்மா அந்த டின் இருக்கும் பக்கமே திரும்ப மாட்டாள். லான்மடாப் பேட்டையில் சாக்கு, கயிறு விற்கும் அப்துல் பாரியின் மகள். கல்லூரி பூட்டியிருந்த வருடங்களில் வாப்பாவின் கல்லாவில் உட்கார்ந்து சணலை அளந்தவள், திறந்ததும் முதல் ஆளாக ஓடிவந்து படிப்பைத் தொடர்ந்தாள். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு இனி ஒன்றுதான் பாக்கி, ஒரு தொகுதி நியூட்ரான் அளவுகள். எண்ணும் கருவி வேறொரு கல்லூரியிலிருந்து இரவல் வந்தது. திங்கட்கிழமை திரும்பப் போகிறது. அதற்குள் எடுத்தால் பட்டம். இல்லாவிட்டால் சணல்.

வியாழக்கிழமை இயந்திரம் பழகிவிட்டது. வெடிக்கு வெடி நியூட்ரான். சல்மா அன்று மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுதுவிட்டு, சோறும் தின்றுவிட்டு வந்து பார்த்தால், சட்டி வாயைப் பிளந்து கிடக்கிறது. ஜும்ஆ தொழுகையிலிருந்து நேரே வந்திருந்த சயா, சலவை லுங்கியும் தொப்பியுமாக, ரப்பர் வளையத்தைக் கட்டைவிரலால் பாசமாகத் தடவிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில், அவரே மூன்று மொழியில் எழுதி ஒட்டிய அறிவிப்பு: வெறுங்கையால் தொடாதே.

"சயா! எதுக்குத் திறந்தீங்க? நேத்து நல்லாத்தானே போச்சு?"

"அதனாலதான்ம்மா திறந்தேன். கெட்டப்புறம் திறக்கிறவன் மெக்கானிக். நல்லா போறப்பவே பார்க்கிறவன்தான் சயா."

"திங்கக்கிழமை கருவி போயிரும் சயா."

"கெய்ஸா மஷிபூ" என்றார். பிரச்சினையே இல்லை என்பதற்குப் பர்மியச் சொல். பிரச்சினை தொடங்குவதற்குச் சற்று முன்னால்தான் அதைச் சொல்வது வழக்கம். "ரெண்டே நிமிஷம். மூடிடுவேன்."

மூடினார். பம்பைப் போட்டார்கள். சட்டிக்குள் காற்று குறையவேண்டிய அளவுக்குக் குறையவில்லை. முள் பாதியில் நின்றுகொண்டு அசைய மறுத்தது.

"லீக்!" என்றார் சயா. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மகனுக்குப் பெண் அமைந்த செய்தியைக் கேட்டவர்போல இருந்தது.

பிறகு லீக் வேட்டை. ஒவ்வொரு மூட்டிலும் ஸ்பிரிட்டைத் தடவி முள்ளைப் பார்த்தார். முள் அசையவில்லை. குழாயை மாற்றினார். அசையவில்லை. ஈரக் காற்றைத் திட்டினார், ரப்பரைத் திட்டினார், இயந்திரம் செய்த நாட்டைத் திட்டினார். நடுவில் கரண்ட் போயிற்று, கரண்டைத் திட்டினார். வந்ததும் மறுபடி பம்பு, மறுபடி அதே முள். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

"மொத்தமா கழட்டிர வேண்டியதுதான். அடி வரைக்கும். எனக்கு அப்பவே சந்தேகம்."

அடி வரைக்கும் கழற்றினால் மழைக்காலம் முடிந்துதான் மாட்டுவார். சல்மாவுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு மூக்கை உறிஞ்சியபோதுதான் அந்த வாசனை தட்டுப்பட்டது. நின்ற இடம் பம்பு உறிஞ்சியதைக் கக்கும் வாய்ப்பக்கம். எப்போதும் சூடான எண்ணெய் நாறும் இடம். இன்றைக்குப் பெருநாள் தொழுகையின் முதல் வரிசைபோலக் கமகமவென்றிருந்தது.

குனிந்து மோந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை.

"சயா, இன்னிக்கி அத்தர் பூசுனீங்களா?"

"பூசாமயா? நம்ம அப்துல் ரவூப் ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்தான்ல, பள்ளிவாசல் வாசல்லயே நின்னு எல்லார் கையிலயும் தடவி விட்டான். சுத்தமான எண்ணெய் அத்தர். மூணு நாள் போகாதாம்." கையை நீட்டினார். "ஏன், மணக்குதா?"

"பம்பு மணக்குது சயா."

சயா கையை மோந்தார். பம்பை மோந்தார். மறுபடி கையை மோந்தார். மதியத்திலிருந்து பூசியிருப்பவருக்குத் தன் அத்தர் எங்கே மணக்கும்? சட்டியில் ஓட்டை எதுவும் இல்லை. உள்ளே தடவிவிட்ட அத்தர்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டிருந்தது. பம்பு உறிஞ்ச உறிஞ்ச அது ஊறிக்கொண்டே இருந்தது. மூன்று நாள் போகாது என்று அப்துல் ரவூப் சொன்னது உண்மைதான்.

வேறொருவராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். சயா சற்று யோசித்துவிட்டு, "அப்ப பம்பு ரொம்ப நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். "இருந்தாலும், திறந்ததுதான் திறந்தாச்சு, அடி வரைக்கும் ஒரு தடவை..."

இப்படிப்பட்டவர்களோடு வாதம் செய்யக் கூடாது. மூக்குக் குழாயைப் பிடுங்குகிற நோயாளியின் கையைக் கட்டிப்போடுவதைவிட, கையில் ஒரு துணியைக் கொடுத்து மடிக்கச் சொல்வது நல்லது. சல்மா ஒரு நிமிடம்தான் யோசித்தாள்.

"சயா, துறைத் தலைவர் ரூம் கடிகாரம் ஒரு மாதிரி ஓடுதாமே?"

"எது, அந்தப் பெரிய சுவர்க் கடிகாரமா? சரியாத்தானே ஓடுது?"

"ஆமா சயா. ரொம்பச் சரியா ஓடுதாம்."

சயாவின் விரல்கள் தாமாகவே அசைந்தன. "அப்ப உள்ள என்னமோ இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சல்மா கதவைத் தாழிட்டாள். கையுறை போட்டு, சட்டியையும் மூட்டுகளையும் ஸ்பிரிட்டால் துடைத்தாள், புது வளையம் போட்டாள், மூடினாள். முள் இறங்கியது. சனிக்கிழமை முழுக்கக் கஞ்சித் தண்ணீர் வெடிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இயந்திரம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அளவுகள் வரிசையாக விழுந்தன. கடைசி வரிசை ஒன்று பாக்கி இருக்கும்போது கரண்ட் போயிற்று.

வால்வை மூடிவிட்டு, காத்திருப்பதைத் தவிர செய்ய ஒன்றுமில்லை. பார்வைக் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். குழாயின் மேல் ஓரத்தில் லேசாகக் கரி. லேசாகத்தான். இத்தனை நல்ல அளவு வந்திருக்கிறது. அதை மட்டும் ஒரு துடை துடைத்துவிட்டால் கடைசி வரிசை இன்னும் எவ்வளவு நன்றாக வரும்! அதுதான் கரண்டும் இல்லையே, சும்மா இருக்கிற நேரம்தானே. ரெண்டே நிமிஷம்.

ஸ்பானர் முதல் போல்ட்டைக் கவ்வியபோதுதான் அதைப் பிடித்திருப்பது தன் கை என்று அவளுக்குத் தெரிந்தது.

கதவுக்கு வெளியே காலடிச் சத்தம். "என்னம்மா, ஸ்பானர் சத்தம் கேக்குது, திறக்கப் போறியா?" சயாவின் குரல் தேனாக ஒழுகியது. "திற, திற. நான் பிடிச்சுக்கிறேன்."

சல்மா நெருப்பைத் தொட்டவள்போல ஸ்பானரை உருவி எடுத்தாள். ஸ்டூலில் போட்டாள். அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கரண்ட் வரும்வரை எழுந்திருக்கவில்லை. இரும்பு அழுத்தத்தான் செய்தது; அழுத்தட்டும். வந்தது கரண்ட். விழுந்தது கடைசி வரிசை. திங்கட்கிழமை கருவி ஊர் போய்ச் சேர்ந்தது. அவளுக்குப் பட்டமும் வந்தது. தலைவர் அறைக் கடிகாரம் மட்டும் அந்த வெள்ளிக்கிழமையோடு நின்றது. பால் டின்னும் நிறைந்துவிட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பர்கத்துல்லா சயா எங்கோ ரங்கூனில் இருக்கிறார் என்று நினைத்துத்தானே சிரிக்கிறீர்கள்? அவருக்கும் தன் அத்தர் மணக்கவில்லை. இந்தப் பக்கத்தை வாசிக்கும் நேரத்தில் உங்கள் வீட்டு அடுப்பில் ஏதாவது மூடி போட்டு இருக்கிறதா? நன்றாகத்தான் வெந்துகொண்டிருக்கும். கையை எடுங்கள்.