மரத்துக்குப் பவுடர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூத்த மகள் வணக்கத்துடன் எழுதுவது. கடிதம் எழுதியதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நம் வீட்டுக்குக் கடிதம் வந்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அர்த்தம். தபால்காரர் வாசலில் நிற்கும்போதே அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். அதனால் உறையைக் கிழிப்பதற்கு முன்பே, “அவளுக்கு ஒண்ணும் இல்லை” என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள். நான் நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்களோடு பெயிண்ட் அடிக்க வருகிறவர்களிடம் என்னை ‘பாமாயில் ஆபீசர்’ என்று சொல்லிவருகிறீர்களாம், தம்பி சொன்னான். அது அவ்வளவு சரியில்லை அப்பா. என் பதவியின் முழுப்பெயர் ‘சிறு விவசாயிகள் வருமானம் மற்றும் நீடித்த வளர்ச்சிக் கள அலுவலர்.’ நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பஸ் ஏறிப் போய்விடுவார். இங்கே மூன்று ஏக்கரில் எண்ணெய்ப்பனை வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். பெரிய மீசை என்பதால் ஊரே மீசைக்காரர் என்கிறது. அவர் மட்டும்தான் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “மரம் நீடிச்சு வளந்துகிட்டுதாம்மா இருக்கு. வருமானத்தைத்தான் காணோம்” என்றார். மற்றபடி எனக்கு இங்கே நல்ல மரியாதை. டீக்கடைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருவர் நாற்காலியைத் துடைத்துப் போடுவார், மற்றவர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். நான் தனியாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, அவர்கள் உள்ளே வர வேண்டுமே என்று சீக்கிரம் எழுந்துவிடுவேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எண்ணெய்ப்பனையில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. எள்ளைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒரு வண்டு ஆண் பூவில் குடியிருந்துகொண்டு, மகரந்தத்தை உடம்பில் பூசிக்கொண்டு பெண் பூவுக்கும் போய் வரும். அது போனால்தான் குலை நிறையப் பழம் பிடிக்கும். மருந்தடிப்பதைக் குறைத்து அதை வாழவிட்டால் செலவும் குறையும், மண்ணும் பிழைக்கும், வருமானமும் கூடும் என்று சொல்வதற்காகச் சங்கக் கட்டடத்தில் ஒரு கூட்டம் போட்டேன். எங்கள் மேலாளர் என்னை அறிமுகம் செய்கிறேன் என்று ஆரம்பித்துத் தன்னையே வெகுநேரம் அறிமுகம் செய்துகொண்டார். பிறகு மைக் என் கைக்கு வந்தது. சுவர் முழுக்க வண்டின் படத்தைக் காட்டினேன். எள்ளளவு வண்டு எருமை அளவில் நின்றது, காலில் இருந்த முடிகூடத் தெரிந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “உங்க வருமானமே இந்த வண்டு கையிலதான் இருக்கு” என்றேன், கரண்ட் போய்விட்டது. இருட்டிலே கத்திச் சொல்லியிருக்கலாம். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே. கல்லூரி நேர்முகத் தேர்வில் என் பெயரையே மூன்று தடவை கேட்டார்கள். கரண்ட் வரட்டும் என்று நின்றேன். அது வருவதற்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுவாரம் மீசைக்காரர் ஆளனுப்பித் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். இந்த ஊரில் என்னை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, “வாங்கம்மா, வந்து பாருங்க! ஆண் பூ ஒண்ணு விடாம மருந்தடிச்சாச்சு. ஒரு வண்டு உயிரோட இல்ல. பக்கத்துத் தோட்டத்துக்காரங்களும் அடிச்சிட்டாங்க” என்றார். “அது கெட்ட வண்டுன்னு யாரு சொன்னா?” என்று கேட்டேன். “நல்லவன் படத்தை யாரும்மா அவ்ளோ பெருசாப் போடுவா? போலீஸ் தேடுற ஆளு படத்தைத்தான் அப்படிப் போடுவாங்க” என்றார். அவர் மேலும் சொன்னார்: “போன தடவையே பாதிக் குலை பொய்யாப் போச்சு. இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா நிலத்தைப் பக்கத்துல இருக்கிற பெரிய எஸ்டேட்டுக்கே குடுத்துட்டு, அவங்ககிட்டயே கூலிக்கு நிக்க வேண்டியதுதான். நல்லவேளை, நீங்க வந்து காட்டிக் குடுத்தீங்க.” இப்போது பூக்கிற பூதான் ஆறு மாதம் கழித்துக் குலை. அவர் நிலத்தைக் காப்பாற்ற வந்தவள், அதை விற்கவைத்துவிடுவேன் போலிருந்தது.

மேலாளரிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “அறிக்கையில ‘பூச்சி மேலாண்மையில் விவசாயிகளின் ஆர்வமான பங்கேற்பு’ன்னு எழுதிடுங்க” என்றார்.

வண்டு செய்வதை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். மருந்து படாமல் புதிதாக விரிந்த ஆண் பூக்களை உதறி மகரந்தம் எடுத்தேன். அதோடு பவுடர் கலந்து பெண் பூவில் ஊதினால் ஒட்டிக்கொள்ளும். ஆபீசுக்குப் போகிற பெண் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அம்மா வாங்கிக்கொடுத்த டப்பா இருந்ததல்லவா, அது காலி. தலைச்சாயம் வந்த பிளாஸ்டிக் குப்பியைக் கழுவி, அதில் நிரப்பிக்கொண்டு, காலையில் மீசைக்காரர் தோட்டத்தில் மரம் மரமாகப் போய் மட்டையை விலக்கி, முள் கிழிக்கக் கிழிக்க ‘புஸ் புஸ்’ என்று அடித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டம் கூடிவிட்டது. மீசைக்காரரின் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “ஏம்மா, மரத்துக்கு என்ன கல்யாணமா, பவுடர் போடுற?” என்றார். ஒரே சிரிப்பு. என்னை அறியாமல், “ஆமாக்கா, கல்யாணந்தான்! இத்தனை நாளா அந்த வண்டுதான் தரகர். தரகரை நீங்க கொன்னுட்டீங்க, அதான் நான் வந்திருக்கேன்!” என்று கத்திவிட்டேன். அது என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

சிரிப்பு நின்றது. மீசைக்காரர் கிட்டே வந்தார். “அப்ப அன்னைக்கே ஏம்மா சொல்லல?”

“கரண்ட் போயிடுச்சுங்க.”

“கரண்ட் போனா வாயுமா போயிடும்?”

அவர் கேட்டது நியாயம்தான். அவர் வேறு ஒன்றும் திட்டவில்லை. மருந்தடிக்கிற பம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார். மற்றவர்களும் மருந்தை நிறுத்தினார்கள். பெரிய எஸ்டேட்டில் மருந்தடிக்கவில்லை, அங்கிருந்து வண்டுகள் மெதுவாக வரும் என்று காத்திருந்தேன். நேற்று ஒரு ஆண் பூவில் இரண்டு மூன்று ஊர்ந்துகொண்டிருந்தன. வாங்க வாங்க என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் யாருமில்லை, நல்லவேளை. நான் ஊதிய பூக்களில் பிஞ்சு பிடித்திருக்கிறதா என்று மீசைக்காரர் தினமும் வந்து பார்க்கிறார். சிலதில் பிடித்திருக்கிறது. முழுதும் தெரிய இன்னும் மாதங்கள் ஆகும், அதுவரை நிலத்தைப் பற்றிப் பேச்சில்லை என்றார். ஊரில் எனக்குப் ‘பவுடர் டீச்சர்’ என்று பெயர். டீக்கடையில் இப்போதும் எழுந்து போகிறார்கள், ஆனால் சிரித்துக்கொண்டே போகிறார்கள்.

ஆகவே என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். வேலை மும்முரத்தில் வீட்டை நினைக்கவே நேரமில்லை. சுற்றிலும் எப்போதும் ஆட்கள். அம்மாவை மாத்திரையை மறக்காமல் போடச் சொல்லுங்கள். தம்பிக்கு என் அன்பும் ஒரு குட்டும். நீங்கள் சாரத்தில் ஏறும்போது பார்த்து ஏறுங்கள்.

உங்கள் ஆசி வேண்டும்,
மகள்

பி.கு.: நேரமில்லை என்று எழுதியது பொய். ஆட்கள் என்று எழுதியது மரங்களை. சாயங்காலம் அறைக்கு வந்தால் மறுநாள் காலைவரை நான் வாயைத் திறப்பதில்லை. நீங்கள் போன் செய்தால், “சாப்பிட்டியா?” என்று கேட்டு, நான் “ம்” என்பதற்குள், “சரிம்மா, ஆபீசருக்கு ஆயிரம் வேலை இருக்கும், வெச்சிடறேன்” என்று வைத்துவிடுகிறீர்கள். எனக்கு ஒரு வேலையும் இல்லை அப்பா. இனிமேல் உடனே வைக்காதீர்கள். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் பேச வேண்டாம். போனை அலமாரியில் வைத்துவிட்டு நீங்கள் உங்கள் பாட்டுக்கு இருங்கள். அம்மா தம்பியைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.