நடுக்கூடத்தில் இல்லாத டைப்ரைட்டர்

மணலூர்பேட்டை வழி,
26-10-87

வெள்ளிமலையில் ஆசிரியராக விளங்கும் என் மைத்துனர் உயர்திரு. தங்கதுரை அவர்களுக்கு, அக்காள் புருஷன் பூமாலை எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காள் கொளஞ்சியம்மாளும் இரண்டு மாடுகளும் நலம். உன் அக்காள் மகள் செவ்வந்தி நலமா என்பதை நீதான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மலைக்குளிர் உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை இத்தோடு முடிந்தது, இனிமேல் திட்டப்போகிறேன்.

எல்லாம் உன் கடுதாசியால் வந்த வினை. போன மாதம் மறியல் வாரத்தில், நம் பிள்ளைகளுக்கு சர்க்கார் வேலையில் பங்கு வேண்டும் என்று ரோட்டில் மரம் சாய்த்தோம் அல்லவா, எங்கள் ஊர் முக்கில் இருந்த புளியமரத்துக்குக் கயிறு பிடித்தவர்களில் நானும் ஒருவன். மறுநாள் காலையில் டைப் கிளாசுக்குக் கிளம்பிய செவ்வந்தி அதே மரத்தில் ஏறித் தாண்டப் பார்த்து, வழுக்கி விழுந்து, இடது கையை ஒடித்துக்கொண்டாள். பஸ் ஏது? சைக்கிளில் உட்கார வைத்துத் திருக்கோவிலூர் வரை தள்ளினேன். வழியில் பன்னிரண்டு மரம். பன்னிரண்டு இடத்திலும் அவளை இறக்கி, சைக்கிளைத் தூக்கி, அவளைத் தூக்கி, வெட்டியவனையெல்லாம் திட்டிக்கொண்டே போனேன், என்னையும் சேர்த்துத்தான். விரல் நுனிவரை மாவுக்கட்டுப் போட்டார்கள். யாருக்கு வேலை வேண்டும் என்று மரத்தைச் சாய்த்தேனோ, அவள் கையே போனதில் எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் நீ எழுதினாய். விரல் அசையாவிட்டால் போகிறது, மிஷின் எதிரே இருப்பதாக நினைத்து மனசுக்குள்ளேயே அடிக்கச் சொல், மலையில் ஆள் நடந்து நடந்து தடம் விழுவதுபோல நினைப்பிலேயே மூளையில் தடம் விழும் என்று. எதையோ படித்துவிட்டு எழுதிவிட்டாய். படித்தவன் சொல்கிறானே என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

தினமும் சாயங்காலம் நடுக்கூடத்தில் கண்ணை மூடி உட்காருவாள். நான் எதிரே உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுவேன்: சுண்டு விரல் ய, மோதிர விரல் ள, நடுவிரல் ன, ஆள்காட்டி விரல் க. செய்த பாவத்துக்கு இதையாவது செய்யலாமே என்றுதான். வரி முடிந்தால் மாவுக்கட்டுக் கை தானாக எழுந்து, இல்லாத மிஷினின் உருளையைத் தள்ளி அடுத்த வரிக்குக் கொண்டுவரும். முதல் வாரம் சிரித்தேன். இரண்டாவது வாரம், கை எழுவதற்கு முன்னால், வரி முடிந்தால் மிஷினில் அடிக்குமே, அந்த மணிச் சத்தம் கேட்டது. கொளஞ்சியைப் பார்த்தேன். அவளும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த இடத்தை யாரும் மிதிப்பதில்லை. கொளஞ்சி பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்குகிறாள். கோழி அங்கே வந்தால் ஒதுங்கிப் போகிறது. ஒருநாள் நான் காப்பி டம்ளரை மிஷின்மேல் ஓரமாக வைத்தேன், டம்ளர் தரையில் விழுந்து உருண்டது, மிஷின்தான் இல்லையே! கரும்பு வெட்ட ஆள் பேச வந்த சின்னராசு தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட்டான். "யோவ், மிஷின் மேல குந்திக்கினியே!" என்று கத்தினேன். அவன் துள்ளி எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு, "இன்னா மிஷினு?" என்றான். மூன்று பேரும் அவனையே பார்த்தோம். அன்று போனவன்தான், கரும்பு இன்னும் கொல்லையிலேயே நிற்கிறது.

தீபாவளி முடிந்து கட்டைப் பிரித்தார்கள். கை முருங்கைக் குச்சிபோல இளைத்திருந்தது. அப்படியே டைப் மாஸ்டர் வெங்கடேசனிடம் கூட்டிப்போனேன். உட்கார்ந்தாள், கண்ணை மூடினாள், அடித்தாள். அந்தக் குச்சிக் கையில் ஒரு விரலும் இடம் தவறவில்லை. மாஸ்டர் தாளை உருவிப் பார்த்துவிட்டு, "வூட்ல மிஷின் வாங்கிட்டீங்களாங்க? முன்ன இத்தினி வேகம் இல்லியே" என்றார். ஆமாம் என்பதா, இல்லை என்பதா? பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

தங்கதுரை, நான் பயந்துவிட்டேன். ஒடிந்த கைக்குள் முப்பத்தைந்து நாள் வேறு எதுவோ உட்கார்ந்து டைப் கற்றிருக்கிறது. பெண் டைப் பரீட்சையில் தேறாவிட்டால் போகிறது, பெண்ணாக இருந்தால் போதும் எனக்கு. வந்த ஹால் டிக்கெட்டை யாருக்கும் தெரியாமல் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். பரீட்சையிலிருந்து அவள் பேரை நீக்கிவிடும்படி நாளைக்கு மாஸ்டரிடம் சொல்லப் போகிறேன். நீ மலையிலிருந்து நல்ல பூசாரியாகப் பார்த்து அழைத்து வந்து, அந்த மிஷினை எங்கள் வீட்டைவிட்டு இறக்கிக் கொடு.

உன் பள்ளிப் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்களிடம் எதையும் மனசுக்குள் செய்யச் சொல்லாதே.

இப்படிக்கு,
பூமாலை

பி.கு.: பூசாரி வேண்டாம். இத்துடன் டைப் அடித்த தாள் ஒன்று வைத்திருக்கிறேன், பார். பேரை நீக்கச் சொல்லப் போன இடத்தில் மாஸ்டர் வர நேரமானது. சும்மா ஒரு மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். ஏர் பிடித்த கை, பிறந்ததிலிருந்து டைப்ரைட்டரைத் தொட்டதில்லை. ய என்று நினைத்தேன், சுண்டு விரல் இறங்கியது. முழுப் பாடத்தையும் அடித்திருக்கிறேன், மூன்று பிழைதான். என் பெண்ணுக்குள் பேய் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. தினமும் சொல்லிக்கொடுத்த எனக்கே தடம் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். மாஸ்டரிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு ஓடி, பானைக்குள் கையை விட்டு, ஹால் டிக்கெட்டை எடுத்துச் செவ்வந்தியிடம் கொடுத்தேன். அழுதும்விட்டேன்.

அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "பானைலதான் இருக்குதுன்னு அன்னிக்கே தெரியும்பா. நீயே கைய வுட்டு எடுத்து எங்கிட்ட குடுக்கற மாதிரி தெனம் காலைல மனசுக்குள்ள ஓட்டிக்கினு இருந்தேன்" என்கிறாள்.